சேலை பிராண்டுக்கு எங்கேஜ்மென்ட்: ரீல்ஸா, வாட்ஸ்அப்பா, யூடியூபா, லைவா?

சின்னாளப்பட்டிச் சுங்குடி, காஞ்சிபுரம் பட்டு, சேலம் காட்டன் என்று ஆன்லைனில் சேலை விற்கும் சிறு பிராண்டுகள் பலவற்றில் வேலை பார்ப்பது இரண்டே பேர். படம் எடுப்பது, பதில் சொல்வது, பார்சல் கட்டுவது எல்லாம் அவர்கள்தான். அப்படி ஒரு பிராண்டிடம் சமூக ஊடகத்துக்கென்று வாரம் 12 மணி நேரமும் மாதம் 10,000 ரூபாயும் இருப்பதாக வைத்துக்கொண்டு இந்த ஒப்பீட்டை எழுதுகிறோம். "எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டும்" என்ற அறிவுரை இந்த அளவுக்குப் பொருந்தாது. ஐந்து இடத்தில் அரைகுறையாக இருப்பதைவிட இரண்டு இடத்தில் ஒழுங்காகப் பதில் சொல்வது மேல்.

எங்கள் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சேலை விற்பவர்கள் புதுக் கண்களைத் தேடித்தான் நேரத்தையும் பணத்தையும் அதிகம் கொட்டுகிறார்கள். ஏற்கெனவே ஒரு சேலை வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொன்னவரிடம் திரும்பப் பேச அவர்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. எங்கேஜ்மென்ட் (பார்ப்பவர்கள் லைக், கமென்ட், ஷேர், மெசேஜ் என்று பதில் காட்டுவது) படுத்துவிட்டது என்று வருகிற புகார்களில் பாதிக்கு அதுவே காரணம்.

தளத்துக்கு முன்னால் மூன்று கணக்கு

இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பக்கமான இன்சைட்ஸைத் திறந்து கடந்த 30 நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு, பார்வைகளில் உங்களைப் பின்தொடராதவர்களின் பங்கு. அது மிகக் குறைவாக, பத்தில் ஒன்று இரண்டு என்ற அளவில் நின்றால் புதியவர்களிடம் நீங்கள் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது, ஷேர் எண்ணிக்கையை ரீச்சால் வகுத்து நூறால் பெருக்குவது. ஒரு ரீல் 8,000 பேரைச் சென்றடைந்து 120 முறை ஷேர் ஆகியிருந்தால் 1.5 விழுக்காடு. இந்த எண்ணை வேறு பிராண்டோடு ஒப்பிடுவதில் பயனில்லை. உங்களுடைய 10 ரீல்களை இந்த எண்ணின்படி வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் மூன்றும் எதைப் பற்றியவை, கீழே கிடக்கும் மூன்றும் எதைப் பற்றியவை என்று பாருங்கள். லைக் எண்ணிக்கையை வைத்து அடுக்கினால் வேறு வரிசை வரும். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி, வரிசைப்படுத்தலில் முக்கியமான மூன்று அளவுகளாகப் பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புதல் ஆகியவற்றைச் சொன்னார். பின்தொடர்பவர்களிடம் போய்ச் சேர லைக்கும், தெரியாதவர்களிடம் போய்ச் சேர அனுப்புதலும் கூடுதலாக உதவும் என்பது அவருடைய விளக்கம். தோழிக்கோ அக்காவுக்கோ "இதப் பாரு" என்று அனுப்பத் தோன்றும் ரீல்தான் புதியவரைக் கொண்டுவரும்.

மூன்றாவது கணக்கு ஆர்டர் நோட்டில் இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கியிருக்கிறார்கள்? இந்த எண்ணை எடுக்க முடியவில்லை என்றால், அதாவது பெயரும் நம்பரும் ஒரே இடத்தில் இல்லை என்றால், இந்த வாரத்து 12 மணி நேரத்தில் முதல் மூன்றை அதற்கே கொடுங்கள்.

ரீல்ஸ்: புதியவர்களுக்கு இன்னும் இதுதான் நல்ல வாசல்

2020 ஜூன் 29-இல் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டு, அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. சேலைக்கு அது ஒத்துப்போனதற்குக் காரணம் எளிது. துணியின் அசைவு போட்டோவில் தெரியாது. மடிப்பு விழும் விதம், முந்தானையின் கனம், வெயிலில் ஜரிகை மின்னுவது எல்லாம் வீடியோவில்தான் தெரியும்.

நீளமான ரீல் போடலாம் என்றாலும் சேலைக்கு 20 முதல் 40 நொடி போதும். செங்குத்தாக 1080க்கு 1920 அளவில் எடுங்கள். எழுத்துகளை மேலிருந்து 14 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 35 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் வையுங்கள். கீழே கணக்குப் பெயரும் விவரமும் வந்து மூடும். விலையைக் கீழ் ஓரத்தில் எழுதிவிட்டு "யாரும் விலையைப் படிப்பதில்லை" என்று வருந்துபவர்கள் நிறைய. 2025 முதல் புரொஃபைல் கட்டங்கள் சதுரமாக இல்லாமல் 3:4 ஆகிவிட்டதால், பழைய கவர் படங்களில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் தவறாகத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் எங்கேஜ்மென்ட்டைக் கொல்லும் பெரிய விஷயம். "வீடியோல மயில் கழுத்து கலர், கைல வந்தது நீலம்" என்று ஒரு கமென்ட் விழுந்தால் அடுத்த பத்து ரீலுக்கும் அது பதில் சொல்ல வைக்கும். போன் கேமரா ஒவ்வொரு காட்சிக்கும் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானாக மாற்றிக்கொள்வதால் இது நடக்கிறது. நேரடி வெயில் படாத ஜன்னலோரம், காலை 9 முதல் 11 மணிக்குள் எடுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். புரோ மோடு இருந்தால் வெள்ளைச் சமநிலையையும் ஒரே எண்ணில் நிறுத்துங்கள். இரவில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் 5,000 முதல் 5,600 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி வாங்குங்கள். அலங்கார வளைய விளக்குகள் பலவற்றில் சிவப்பு செத்துப்போகும். மெரூனும் அரக்கும் ஒன்றுபோலத் தெரியும். ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

எதைக் காட்டுவது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. சேலையை விரித்துக் காட்டும் ரீலுக்கு லைக் விழும். சேலையைப் பற்றி ஏதாவது கற்றுக்கொடுக்கும் ரீல் சேவ் ஆகும், பிறருக்கு அனுப்பப்படும். உதாரணத்துக்கு, முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்திக் காட்டலாம்: பட்டு, முடி கருகும் வாடையோடு எரிந்து விரலில் நொறுங்கும் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிவதைக் காட்டலாம். மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டோடும் ஓடம்) வைத்து, பார்டரை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில் உடலும் பார்டரும் இணையும் இடத்தைப் புரட்டிப் பின்பக்கம் காட்டலாம். பிளவுஸோடு சேர்த்து 6.2 மீட்டர் இருக்கிறதா என்று அளந்து காட்டுவது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் உயரமானவர்களும் உடல்வாகு பெரியவர்களும் கேட்கத் தயங்கும் கேள்விக்கு அது பதில். பட்டுக்கு, அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் லேபிளைத் தெளிவாகக் காட்டுங்கள். விசைத்தறியில் வந்ததைக் கைத்தறி என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கமென்ட்டில் நெசவு தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், பிராண்டு அன்றே போய்விடும்.

சினிமாப் பாட்டு விஷயத்தில் கவனம். பிசினஸ் கணக்குகளுக்கு முழுப் பாட்டு நூலகமும் கிடைப்பதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு பாட்டைச் சேர்த்து வீடியோ எடிட் செய்து ஏற்றினால் ஒலி நீக்கப்படலாம், உரிமையாளர் வழக்கும் போடலாம். உங்கள் குரலிலேயே பேசிவிடுங்கள். பேச்சுக்கு மேலே தமிழ் எழுத்துகளை நீங்களே தட்டச்சு செய்து போடுங்கள். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களும் கடைசிவரை இருப்பார்கள்.

ஒரு ரீலுக்கு எடுப்பது, வெட்டுவது, எழுதுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வாரம் மூன்று. நான்காவதைப் போடும் நேரத்தில் கமென்ட்டுக்குப் பதில் சொல்லலாம்.

விலையைச் சொல்வதா, "டிஎம் பண்ணுங்க" என்பதா?

விலையை மறைத்தால் ஒவ்வொரு ரீலின் கீழும் "பிரைஸ் ப்ளீஸ்" என்று நாற்பது கமென்ட் விழும். பார்க்க எங்கேஜ்மென்ட் போலவே இருக்கும். அந்த நாற்பது பேருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்ப, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். அதில் பெரும்பாலோர் விலையைப் பார்த்துவிட்டு மறு வார்த்தை பேச மாட்டார்கள். அவர்களுக்கும் ஒரு சிறு மனக்கசப்பு. அடுத்த முறை கேட்கவும் மாட்டார்கள்.

விலையைத் திரையிலேயே போட்டால் கமென்ட் எண்ணிக்கை முதல் சில வாரம் சரியும். பயப்பட வேண்டாம். மிச்சமிருக்கும் கமென்ட்டுகள் "இதே பார்டர்ல பாட்டில் கிரீன் இருக்கா?", "பிளவுஸ் அட்டாச்டா?" என்று மாறும். வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள் அவை. தபால் செலவையும் சேர்த்தே சொல்லுங்கள். கடைசியில் 80 ரூபாய் கூட்டுவது சிறிய ஏமாற்றம்தான், ஆனால் நினைவில் நிற்கும்.

விலையை வெளியே சொன்னால் போட்டிக் கடை பத்து ரூபாய் குறைத்துப் போடும் என்பதுதான் மறைப்பதற்குச் சொல்லப்படும் நியாயமான காரணம். அது ஓரளவு உண்மை, குறிப்பாக சூரத் ரகங்களில் ஒரே சேலையை நூறு பேர் விற்கும்போது. அங்கே மட்டும், கமென்ட்டில் "விலை" என்று எழுதினால் தானாக மெசேஜ் போகும் கருவியை வைக்கலாம். ஒரு கமென்ட்டுக்கு ஒருமுறை, 7 நாளுக்குள் தனி மெசேஜ் அனுப்ப இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா அனுமதிக்கிறது. அவர் பதில் போட்டால் 24 மணி நேரம் தொடர்ந்து பேசலாம். அந்தத் தானியங்கி மெசேஜில் விலை இருக்க வேண்டும். "எங்கள் பக்கத்தைப் பின்தொடரவும்" என்று மட்டும் போனால் ஆள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்.

யூடியூப்: பேசத் தெரிந்தவருக்கு மட்டும்

ரீல் சில நாளில் ஓய்ந்துவிடும். "பட்டுச் சேலை பராமரிப்பு", "கல்யாணச் சேலை எப்படித் தேர்ந்தெடுப்பது" என்ற எட்டு நிமிட வீடியோவைத் தேடலின் வழியாக இரண்டு வருடம் கழித்தும் பார்ப்பார்கள். கல்யாணச் சேலைபோல விலை கூடிய, யோசித்து வாங்கும் பொருளுக்கு இது பெரிய லாபம். எதிர்ப்பக்கம், அப்படி ஒரு வீடியோவுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். உங்கள் வார நேரத்தில் பாதி. மாதத்துக்கு இரண்டு என்றால்தான் தாங்கும். கேமரா முன்னால் சரளமாகப் பேச வீட்டில் யாரும் இல்லையென்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

யூடியூபின் குறும் வீடியோவான ஷார்ட்ஸ் வேறு. ரீலுக்கு எடுத்ததையே ஏற்றலாம், கூடுதல் வேலை பத்து நிமிடம். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விவரத்திலும் கமென்ட்டிலும் இணைப்புகளைத் தட்ட முடியாது. ஆகவே ஷார்ட்ஸிலிருந்து நேராக வாட்ஸ்அப்புக்கு ஆள் வர மாட்டார். உங்கள் நீள வீடியோவைத் தொடர்புடைய வீடியோவாக இணைத்து, அங்கிருந்து அழைத்துவர வேண்டும். மற்றொன்று, 2025 மார்ச் 31 முதல் ஷார்ட் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள். ஆகவே "ஷார்ட்ஸில்தான் வியூஸ் அதிகம்" என்று ரீல்ஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள். யூடியூப் ஸ்டுடியோவில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்ற விகிதத்தையே பாருங்கள்.

வாட்ஸ்அப்: திரும்பி வருபவர்கள் இங்கே இருக்கிறார்கள்

வாட்ஸ்அப் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே ஐந்து வழிகள் இருக்கின்றன. தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மொத்தமாக வாட்ஸ்அப்பே பயனில்லை என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம்.

குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். சேலை பிராண்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்களுக்கு அறியாத நம்பரிலிருந்து மெசேஜ் வந்தால் பழி உங்கள் மேல். வேறு விற்பனையாளர் உள்ளே வந்து, கேள்வி கேட்பவர்களைத் தனியே இழுத்துக்கொள்வதும் நடக்கும். ரீசெல்லர்களுக்கு மட்டும் தனியாக ஒரு குரூப் வைப்பது வேறு விஷயம்; அவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, தினமும் புது ஸ்டாக் வேண்டும்.

கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. குரூப்பை ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள் அதைக் கம்யூனிட்டியாக மாற்றி, பேச்சை நிறுத்தி, அறிவிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சேனல் இந்தியாவுக்கு 2023 செப்டம்பரில் வந்தது. எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம், நம்பர் யாருக்கும் தெரியாது. பின்தொடர்பவர் உங்களுக்கு எழுத்தில் பதில் போட முடியாது, எமோஜியும் வாக்கெடுப்பும்தான். அறிவிப்புப் பலகை என்ற அளவில் நல்லது. ஒவ்வொரு பதிவின் கீழும் உங்கள் வணிக நம்பருக்கு நேரே வரும் இணைப்பைப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். யார் பார்த்தார் என்று பெயரோடு தெரியும். தினமும் பார்க்கும் இருபது பேரின் பெயரைக் குறித்துவையுங்கள். அவர்கள்தான் உங்கள் அடுத்த வாடிக்கையாளர்கள்.

பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் எங்கள் தேர்வு. ஒரு லிஸ்ட்டில் 256 பேர். நீங்கள் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகப் போகும், பதிலும் தனியாக வரும். உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இந்தக் கட்டுப்பாட்டைக் குறை என்று நினைக்காதீர்கள். உங்களை விரும்பாதவருக்கு மெசேஜ் போகாமல் அது காக்கிறது. வணிகச் செயலியில் பிராட்காஸ்ட்டுக்கான வரம்புகளும் கட்டணமும் மாறி வருவதால், உங்கள் செயலியில் என்ன காட்டுகிறதோ அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

செய்யும் முறை இது. ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சீட்டு: நம்பர், கியூஆர் கோடு, "இந்த நம்பரைச் சேமித்து ஒரு 'ஹாய்' அனுப்புங்கள்; புது ஸ்டாக் வெளியே போடுவதற்கு ஒரு நாள் முன்பே உங்களுக்கு வரும்". அந்த ஒரு நாள் முன்னுரிமையை உண்மையாகவே கொடுங்கள். 'ஹாய்' வந்ததும் வணிகச் செயலியில் லேபிள் போடுங்கள்: பட்டு, காட்டன், தினசரி, கல்யாணம். லிஸ்ட்டை லேபிளின்படி பிரியுங்கள். 900 ரூபாய் காட்டன் வாங்கியவருக்கு வாரம் மூன்று முறை 14,000 ரூபாய் பட்டை அனுப்பினால் அவர் மியூட் செய்துவிடுவார், சிலர் பிளாக் செய்வார்கள். பலர் பிளாக் செய்தாலோ புகார் செய்தாலோ நம்பரே முடக்கப்படும். ஒரே தட்டலில் ஆயிரம் பேருக்கு அனுப்பும் மென்பொருளும் மாற்றிய வாட்ஸ்அப் செயலிகளும் அந்த வழிக்கே கொண்டுபோகும். விலைக்கு வாங்கிய நம்பர் பட்டியல் வேண்டவே வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது சம்மதத்தை.

வாரம் ஒரு மெசேஜ், அதிகம் போனால் இரண்டு. ஒரு மெசேஜில் மூன்று சேலைக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் எண்ணும் விலையும். "பிடிச்சிருந்தா நம்பர் மட்டும் அனுப்புங்க" என்று முடித்தால் பதில் சொல்வது எளிது. அனுப்பியபின் மெசேஜ் இன்ஃபோவைப் பாருங்கள். 230 பேர் லிஸ்ட்டில் 140 பேருக்கு மட்டும் போயிருந்தால் மீதிப் பேரில் பெரும்பாலோர் நம்பரைச் சேமிக்கவில்லை என்று பொருள். போய்ச் சேர்ந்தும் படிக்கப்படவில்லை என்றால் நேரமோ அடிக்கடி அனுப்பியதோ காரணம். மதியம் 12 மணிக்கு அனுப்பியதை இரவு 8.30-க்கு மாற்றி இரண்டு வாரம் பாருங்கள்.

பதில் சொல்லும் விதம்தான் இங்கே எல்லாமே. "ஸ்டாக் இல்லை" என்பதோடு நிறுத்தினால் பேச்சு முடிந்தது. "சிஸ், அந்த மெரூன் போயிடுச்சு. அதே பார்டர்ல அரக்குல ஒண்ணு இருக்கு, வெளிச்சத்துல வீடியோ எடுத்து அனுப்பட்டுமா?" என்றால் தொடரும். வயதில் பெரியவர் என்று டிபியில் தெரிந்தால் அம்மா என்றே அழையுங்கள். "டியர் கஸ்டமர்" என்று தொடங்கும் மெசேஜை எங்கே பார்த்தாலும் வங்கிதான் நினைவுக்கு வரும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்களைச் சேமித்துவையுங்கள், ஆனால் முதல் வரியை மட்டும் கையால் எழுதுங்கள்.

லைவ்: உழைப்பு அதிகம், பேச்சும் அதிகம்

ஒரு மணி நேரத்தில் மிக அதிகமான கமென்ட் எங்கே விழும் என்று கேட்டால் லைவில்தான். ஆனால் வாசலிலேயே தடைகள். இன்ஸ்டாகிராமில் 2025 ஆகஸ்ட் முதல், 1,000 பேராவது பின்தொடரும் பொதுக் கணக்குக்கே லைவ். யூடியூபில் போனிலிருந்து லைவ் போக 50 சந்தாதாரர் வேண்டும். பேஸ்புக்கில் லைவ் போகலாம், ஆனால் பொருளை ஒட்டி விற்கும் வசதியை 2022 அக்டோபர் 1-ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள். கையால் எழுதிய எண் அட்டைதான் நம்பகமானது.

இரண்டு பேர் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒருவர் சேலை காட்ட, மற்றவர் கமென்ட்டைப் படித்து, முதலில் கேட்டவர் யார் என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரே ஒரு பீஸ் உள்ள சேலையை மூன்று பேர் "புக்டு" என்று போட்டுச் சண்டையாவது இங்கே அன்றாட வம்பு. தொடக்கத்திலேயே விதியைச் சொல்லி, கமென்ட்டில் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்துவிடுங்கள்: முதல் கமென்ட்டுக்குத்தான் சேலை, 30 நிமிடத்தில் பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு. 60 முதல் 90 நிமிடம், 40 சேலைக்குள். மாதம் இரண்டு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம். பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் சேதப் புகார் ஏற்பதில்லை என்று வைத்திருந்தால் அதையும் விற்கும் முன்பே சொல்லுங்கள், புகார் வந்தபின் சொல்லாதீர்கள்.

பரிசுப் போட்டி, இன்ஃப்ளூயன்சர், விளம்பரம்

பரிசுப் போட்டியை இந்தப் பட்டியலில் கடைசியில் வைக்கிறோம். இலவசச் சேலைக்காக வரும் இரண்டாயிரம் பேர் அடுத்த ரீலைத் தள்ளிவிட்டுப் போவார்கள். பின்தொடரும் அவர்களே பார்க்காவிட்டால் உங்கள் ரீல் மற்றவர்களுக்குப் போவதும் குறையலாம். "மூன்று தோழிகளை டேக் செய்யுங்கள்", "உங்கள் பக்கத்தில் ஷேர் செய்யுங்கள்" என்று போட்டியை நடத்துவதை பேஸ்புக் விதிகளே அனுமதிப்பதில்லை. 2017 டிசம்பரிலிருந்து இப்படிக் கெஞ்சி வாங்கும் லைக், கமென்ட், ஷேர் பதிவுகளைக் கீழே தள்ளுவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது. விற்பனையைக் கூட்ட நடத்தும் போட்டி, குலுக்கல்களை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையின் வரையறைக்குள் வைத்திருக்கிறது. முடிவைப் பங்கேற்றவர்களிடம் மறைப்பதும் அதிலேயே வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. "வாங்குபவர்களில் ஒருவருக்குத் தங்கக் காசு" என்று அறிவிக்கும் முன் வக்கீலிடம் கேளுங்கள்.

பரிசாகக் கொடுக்க நினைத்த அந்தச் சேலையின் விலையை வேறு விதமாகச் செலவழிக்கலாம். வாங்கியவர்கள் உடுத்தி அனுப்பும் படத்துக்கு, அடுத்த ஆர்டரில் 10 விழுக்காடு கழிவு. படத்தைப் பக்கத்தில் போட எழுத்தில் சம்மதம் கேளுங்கள். முகம் வேண்டாம் என்றால் முகத்தை வெட்டிப் போடுங்கள். மாடல் கட்டிய சேலையைவிட, ஐம்பது வயது ஆசிரியை கட்டிய படத்தின் கீழேதான் "எனக்கும் இது நல்லா இருக்குமா?" என்ற கேள்வி வரும்.

இன்ஃப்ளூயன்சர் என்றால் லட்சம் பேர் கொண்ட ஒருவரைவிட, ஐந்தாயிரம் பத்தாயிரம் பேர் பின்தொடரும் மூன்று பேரை எடுப்பது இந்த பட்ஜெட்டுக்குப் பாதுகாப்பு. ஒருவர் சரியாகப் போகாவிட்டாலும் மற்ற இருவர் இருப்பார்கள். பணம் பேசும் முன் கடந்த 30 நாள் ரீச்சும், பார்வையாளர் எந்த ஊர் என்ற பக்கமும் திரையில் பதிவு செய்த வீடியோவாகக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மாற்றுவது சுலபம். அவருடைய கமென்ட்டுகளில் வெறும் இதயமும் தீயும் மட்டும் இருந்தால் ஒதுங்குங்கள். பணமோ இலவசச் சேலையோ, எதைக் கொடுத்தாலும் அது விளம்பரம் என்று பதிவில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2021-இல் விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியும் 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இதற்கு விதிமுறை வெளியிட்டன. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம்.

விளம்பரத்தில் ஒரே வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கேஜ்மென்ட் நோக்கத்தில் பூஸ்ட் செய்தால் (பதிவைக் காசு கட்டிப் பரப்பினால்), எதற்கும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப்பிடித்துக் காட்டும். வாட்ஸ்அப் மெசேஜ் நோக்கத்தில் வைத்தால், மெசேஜ் அனுப்பும் பழக்கமுள்ளவர்களிடம் போகும். எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டாவதையே எடுங்கள். 10,000 ரூபாயில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி போக விளம்பரத்துக்கு மிஞ்சுவது சுமார் 8,475 ரூபாய். புது வீடியோ எதையும் விளம்பரமாக்காதீர்கள். ஷேர் விகிதத்தில் மேலே வந்த ரீலை மட்டும், நாளுக்கு 300 ரூபாய் வீதம் 7 நாள் ஓட விடுங்கள். நடுவில் தொட்டு மாற்றினால் அமைப்பு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கும். இரவு பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் விளம்பரத்தை உடனே தொடங்காமல், ஆள் இருக்கும் வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். காசு கொடுத்து வரவழைத்தவரைக் காலைவரை காக்க வைத்தால் அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார்.

உங்கள் நிலைக்கு எது?

பின்தொடர்பவர் ஆயிரத்துக்குள், வாங்கியவர்கள் ஐம்பதுக்குள் என்றால்: வாரம் மூன்று ரீல், அதே மூன்றும் ஷார்ட்ஸில், பார்சல் சீட்டு. விளம்பரப் பணத்தில் பாதிக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

வாங்கியவர்கள் இருநூறைத் தாண்டி, திரும்பி வருபவர் குறைவு என்றால் ரீலை இரண்டாகக் குறைத்து, மிச்ச நேரத்தை பிராட்காஸ்ட்டுக்கும் பதிலுக்கும் கொடுங்கள். பெரும்பாலான சேலை பிராண்டுகள் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. பேஸ்புக் பக்கத்துக்குத் தனி உழைப்பு வேண்டாம். இன்ஸ்டாகிராமில் போடுவது தானாக அங்கேயும் போகட்டும், வரும் கமென்ட்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பின்தொடர்பவர் இருபதாயிரம், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை என்றால் பழைய பரிசுப் போட்டிகளோ வாங்கிய ஃபாலோயர்களோ காரணமா என்று பாருங்கள். அந்தப் போலிக் கணக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குங்கள். விலையைத் திரையில் போடுவதும் மாதம் இரண்டு லைவும் இங்கே முதலில் செய்ய வேண்டியவை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எட்டு வாரம் மாற்றாமல் ஓட விட்டு, அந்த மூன்று கணக்கையும் மறுபடி எடுங்கள். ஆடித் தள்ளுபடி வாரங்களிலும் தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரங்களிலும் மட்டும் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டாம். அப்போது எதைப் போட்டாலும் ஓடும், எது ஓட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தைப் பொங்கல் முடிந்த வாரத்தில் தொடங்கினால் பங்குனியில் கணக்கு கையில் இருக்கும், வைகாசி முகூர்த்தங்களுக்கு ஸ்டாக் எடுக்கும் நேரத்தில் அது உதவும்.